நாரைக்கு ஒரு கண்ணீர் அஞ்சலி

வேல்விழி இன்டர்நெட்டை முதன்முதலில் பார்த்தது தென்காசி பழைய பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் இருந்த ஒரு பிரவுசிங் சென்டரில், பிளஸ் டூ ரிசல்ட் வந்த அன்று. ஆய்க்குடியிலிருந்து அப்பாவோடு பஸ் ஏறி வந்திருந்தாள். மாடிப்படி வரைக்கும் கூட்டம். கடைக்காரர் ஒவ்வொரு நம்பராகத் தட்டி, திரையில் வந்த மார்க்கை எல்லாருக்கும் கேட்கும்படி உரக்கப் படித்தார். இயற்பியலில் அவள் சறுக்கியிருந்ததைக் கேட்டு, முன்பின் பார்த்திராத ஒரு அம்மாள் உச்சுக்கொட்டி, பரவாயில்லை தாயி என்று அவள் தலையைத் தடவிக் கொடுத்தாள். அதில் தப்பு இருப்பதாக அங்கே நின்ற யாருக்கும் தோன்றவில்லை, வேல்விழிக்கும்தான். கவுன்சிலிங்குக்கு வேண்டும் என்று கடைக்காரரே அவளுக்கு ஒரு ஈமெயிலும் உண்டாக்கிக் கொடுத்தார். பாஸ்வேர்டு கடையின் பெயர். அந்த வருஷம் அங்கே வந்த எல்லாப் பிள்ளைகளுக்கும் அதே பாஸ்வேர்டுதான்.

அதற்குப் பிறகு வெகு நாள் அவளுக்கும் இன்டர்நெட்டுக்கும் பெரிய சம்பந்தம் இல்லை. கல்லூரி முடித்து, சுரண்டையில் பாண்டிராஜுக்கு வாழ்க்கைப்பட்டுப் போன சமயத்தில்தான் சிம் கார்டைச் சும்மா கொடுத்தார்கள். ஒரே மாதத்தில் தெரு மொத்தமும் உள்ளே போய்விட்டது. மாமியார், பால்காரர், கோயில் பூசாரி, வயலைக் குத்தகைக்கு விட்டுவிட்டுச் சும்மா இருந்த பெரியவர்கள் என்று ஒருவர் பாக்கியில்லை. கம்ப்யூட்டரைக் கண்ணால் பார்க்காதவர்கள்கூட காலையில் குளித்ததும் முருகன் படத்தோடு வணக்கம் அனுப்பினார்கள். யார் வீட்டில் சடங்கு, யாருக்கு சுகர் எவ்வளவு, எந்தப் பெண்ணுக்கு வரன் பார்க்கிறார்கள் என்பதெல்லாம் படத்தோடு வந்தது. யார் போனையும் யாரும் எடுத்துப் பார்க்கலாம். கதவு திறந்து கிடக்கும் வீட்டுக்குள் போய்வருவது போலத்தான் அதுவும்.

பாண்டிராஜ் அப்போதே ஃப்ளெக்ஸ் கடை வைத்திருந்தான். அப்பா காலத்து நெல் வயலில் ஒரு பங்கை விற்று வாங்கிய மெஷின். காதுகுத்து, சடங்கு, கல்யாணம், கோயில் கொடை, கண்ணீர் அஞ்சலி எல்லாம் அடிப்பான். அடித்ததை உடனே கடையின் ஃபேஸ்புக் பக்கத்திலும் போட்டுவிடுவான். சுரண்டையில் ஒருவர் இறந்து, தெரு முக்கில் ஃப்ளெக்ஸ் ஏறவில்லை என்றால் அந்த வீட்டுப் பிள்ளைகளை ஊர் ஒரு மாதிரியாகப் பார்க்கும். வேல்விழியின் மாமனார் போனபோது பஸ் ஸ்டாண்டுக்கும் வீட்டுக்கும் இடையே மூன்று இடத்தில் அவர் சிரித்துக்கொண்டிருந்தார்.

நாலைந்து வருஷத்துக்கு முன்னால் அவளுக்குத் தென்காசியில் வேலை கிடைத்தது. ஒரு மாடியில் பத்துப் பன்னிரண்டு பேர் உட்காரும் சின்ன அலுவலகம். வெளிநாட்டுத் தளங்களுக்கு வரும் புகார்களுக்கும் கேள்விகளுக்கும் பதில் எழுதுவதுதான் வேலை. தமிழ் மீடியத்தில் ஆரம்பித்து இங்கிலீஷ் மீடியத்தில் முடித்தவள் என்பதால் அவளுக்கு எழுத்து வரும். பேச்சுதான் குறைவு. அவளுக்கு ஒதுக்கியது டென்மார்க்கில் உள்ள ஒரு தளம். தோட்டம் போடுகிறவர்கள் கூடிப் பேசுகிற இடம். டேனிஷில் வருவதை மெஷின் இங்கிலீஷாக்கிக் கொடுக்கும்; இவள் இங்கிலீஷில் எழுதினால் டேனிஷாகப் போகும்.

போன புதிதில் அவளுக்கு அந்த இடம் ஆள் இல்லாத வீடு மாதிரி இருந்தது. ஒருவருக்கும் முகம் கிடையாது. ஒருவருக்கும் ஒழுங்கான பெயர் கிடையாது. ‘பழைய பூட்ஸ்’ என்று ஒருவர், ‘சின்ன வெங்காயம்’ என்று ஒருவர். இருபது வருஷமாகத் தக்காளி நாற்றைப் பற்றியும் நத்தைகளைப் பற்றியும் பேசிக்கொண்டிருக்கிறார்கள், ஒருவருக்கு மற்றவரின் ஊர் தெரியாது. அவர்களுக்கு இன்டர்நெட் டெலிபோன் கம்பியில் கிறீச்சிட்டுக்கொண்டு, வீட்டு மேஜையில் ஒரு கம்ப்யூட்டராக, மெல்ல மெல்ல வந்திருக்கிறது. எதைக் காட்டுவது, எதை மூடிவைப்பது என்று பழக அவர்களுக்கு நாள் இருந்திருக்கிறது. வேல்விழி இதைத் தானாகவே யோசித்துப் புரிந்துகொண்டாள். புரிந்துகொண்டதில் அவளுக்குக் கொஞ்சம் பெருமையும் உண்டு. அலுவலகத்துக்குப் புதிதாக வந்த சுஜிதாவுக்குப் பாடம் எடுத்ததே அவள்தான். சாப்பிட்டீர்களா என்று கேட்காதே, வயசு கேட்காதே, எத்தனை பிள்ளைகள் என்று கேட்காதே. பெயரை வெளியே எழுதாதே. "நம்ம ஊர்னு நெனச்சுக்கிடாத. அங்கன உள்ளவங்க கதவச் சாத்தி வச்சுத்தான் பேசுவாங்க," என்றாள். வீட்டிலும் மாமியார் யாராவது ஒரு பெண்ணின் படத்தை வாட்ஸப் குரூப்பில் போட்டால், "அவகிட்ட கேட்டியளா?" என்று முகம் சுளிப்பவள் அவள்தான்.

அந்தத் தளத்தில் ‘நாரை’ என்று ஒரு அம்மாள் இருந்தாள். பாஸ்வேர்டை மறந்துவிட்டேன் என்று எழுதுவாள். இரண்டு மாதத்துக்கு ஒருமுறை மறப்பாள். மற்றவர்கள் ஒரு வரியில் அதட்டுவதுபோல் எழுதும் இடத்தில், அவள் நேராக இங்கிலீஷில், நிதானமாக, கடிதம் மாதிரி எழுதுவாள். பதில் எழுதுகிற பெண் எங்கே இருக்கிறாள் என்று ஒருமுறை கேட்டாள். விதிப்படி சொல்லக் கூடாது. மலையடிவாரத்தில், அருவிகள் இருக்கும் ஊர் என்று மட்டும் வேல்விழி எழுதினாள். அதிலிருந்து நாரை மழையைப் பற்றிக் கேட்கத் தொடங்கினாள். ஆனி மாதத்தில் குடை பிடிக்கவும் தேவையில்லாமல், பிடிக்காமலும் இருக்க முடியாமல் விழும் சாரலைப் பற்றி வேல்விழி ஒரு பத்தி எழுதினாள். தன் வாழ்க்கையில் அதைப் பற்றி ஒருவர் கேட்டு அவள் சொன்னது அதுதான் முதல் தடவை. எங்கள் ஊரிலும் அப்படி ஒரு மழை உண்டு, ஆனால் அதற்கு நாங்கள் வைத்திருக்கும் பேர் கெட்ட வார்த்தை என்று நாரை பதில் எழுதியிருந்தாள். வேல்விழி சிரித்துவிட்டாள். பக்கத்து நாற்காலி சுஜிதா என்ன அக்கா என்று எட்டிப் பார்த்தாள்.

போன ஆனியில் ஒரு செவ்வாய்க்கிழமை மத்தியானம், நாரையின் கணக்கிலிருந்து வேறு ஒருவர் எழுதிய கடிதம் வந்தது. மகள். அம்மா வெள்ளிக்கிழமை இறந்துவிட்டார், கணக்கை மூடிவிடவும், அத்தாட்சிக்காக அம்மாவின் டிரைவிங் லைசென்ஸ் நகலை இணைத்திருக்கிறேன். அவ்வளவுதான் கடிதம்.

லைசென்ஸில் முகம் இருந்தது. குட்டையாக வெட்டிய நரைமுடி, மெலிந்த கழுத்து, போட்டோகிராபரை நம்பாத பார்வை. பெயர் இருந்தது. அந்தப் பெயரை இங்கே சொல்ல வேண்டியதில்லை.

வேல்விழி பாத்ரூமில் போய் அழுதாள். திரும்பி வந்து தளத்தின் விதியைத் திறந்து பார்த்தாள். இறந்த உறுப்பினரின் கணக்கை மூடிவிட வேண்டும்; குடும்பம் விரும்பினால், ‘இந்த உறுப்பினர் இனி எழுத மாட்டார்’ என்று ஒரு வரி போடலாம். இருபது வருஷம் அங்கே இருந்தவள். பழைய பூட்ஸும் சின்ன வெங்காயமும் தினமும் அவளோடு பேசினவர்கள். செத்த பிறகும் முகம் இல்லையா, பெயர் இல்லையா? கேட்பாரற்றுப் போன பிணத்துக்குத்தான் அப்படிச் செய்வார்கள்.

பாண்டிராஜ் கடையில் பயன்படுத்தும் ஆப் அவள் போனிலும் இருந்தது. லைசென்ஸிலிருந்து முகத்தை மட்டும் வெட்டி எடுத்தாள். இரண்டு பக்கமும் விளக்கு, கீழே தாமரை, மேலே நீல வானம். பிறந்த தேதி, மறைந்த தேதி. முழுப்பெயரை இங்கிலீஷில் பெரிதாக எழுதி, அதன் கீழே, நாம் அன்போடு நாரை என்று அழைத்தவர் என்று போட்டாள். தளத்தின் முகப்பில் எல்லாருக்கும் தெரியும்படி அதை ஏற்றினாள். பிறகு தன் வாட்ஸப் ஸ்டேட்டஸிலும் வைத்தாள்.

மகளிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். சுஜிதாவாக இருந்தால், கேள் என்று இவளே சொல்லியிருப்பாள். ஆனால் அந்த மத்தியானம் அவளுக்கு அது தோன்றவே இல்லை. சாவு விழுந்த துட்டி வீட்டுக்கு அனுமதி கேட்டுக்கொண்டா போகிறார்கள்?

மறுநாள் சுரண்டை பஸ்ஸிலிருந்து இறங்கி அலுவலகத் தெருவுக்குள் திரும்பியவள் அப்படியே நின்றுவிட்டாள். செல்லச்சாமியின் டீக்கடைக்கு மேலே, ஒரு சடங்கு ஃப்ளெக்ஸுக்கும் ஒரு கட்சி ஃப்ளெக்ஸுக்கும் நடுவே, நாரை இருந்தாள். ஆள் உயரத்துக்கு. வேல்விழி ஸ்டேட்டஸில் வைத்த படத்தைப் பாண்டிராஜ் எடுத்து, கன்னத்துச் சுருக்கமெல்லாம் துடைத்து, கழுத்தில் ரோஜா மாலை போட்டு, கண்ணீர் அஞ்சலி என்று கொட்டை எழுத்தில் அடித்திருந்தான். கீழே, வருந்தும் உள்ளங்கள் என்ற இடத்தில் வேல்விழியின் கல்யாணப் படம், கைகூப்பியபடி. அவள் வருத்தத்தைப் பார்த்துவிட்டுச் சொல்லாமல் கொள்ளாமல் விடியற்காலையில் வந்து கட்டிவிட்டுப் போயிருக்கிறான்.

செல்லச்சாமி டீயை ஆற்றிக்கொண்டே கேட்டார். "ஏம்மா, இந்த வெள்ளக்காரம்மா யாரு? ஒங்க கம்பெனி மொதலாளியம்மாவா?"

"இல்ல அண்ணாச்சி. தெரிஞ்சவங்க."

"குடுத்து வச்ச மனுசி. எங்கனயோ செத்து, இங்கன ஃப்ளெக்ஸ் ஏறுது. எனக்கு எம் பிள்ளைங்க போடுவானுவளோ என்னமோ."

அந்த நேரத்தில் வேல்விழிக்கு வெட்கம் ஒன்றும் வரவில்லை. தன் புருஷன் இவ்வளவு செய்வான் என்று அவள் நினைத்ததில்லை. நாரைக்குக் காட்ட முடிந்தால் நன்றாக இருக்குமே என்றுகூட நினைத்தாள். போனை எடுத்து அந்த ஃப்ளெக்ஸை ஒரு படம் பிடித்துக்கொண்டுதான் மாடி ஏறினாள். பிறகு எத்தனையோ நாள், மற்ற எல்லாவற்றையும் விட அந்த ஒரு படம் பிடித்ததை நினைத்தால்தான் அவளுக்கு முகம் எரிந்தது.

மாடியில் டீம் லீடர் பெஞ்சமின் அவள் நாற்காலிக்குப் பக்கத்திலேயே நின்றுகொண்டிருந்தார். திரையில் மகளின் கடிதம் திறந்திருந்தது.

அதில் கோபமான வார்த்தை ஒன்றுகூட இல்லை. என் அம்மா இந்தத் தளத்தில் எழுதினார் என்பதே அவர் போன பிறகுதான் எனக்குத் தெரியும், என்று ஆரம்பித்திருந்தது. தக்காளியைப் பற்றி எழுதிய இடத்திலேயே தன் தங்கையைப் பற்றியும் எழுதியிருக்கிறார். பாட்டி படுக்கையில் கிடந்தபோது தங்கை எட்டிப் பார்க்காதது, வீட்டைப் பிரித்தபோது நடந்தது, மன்னிக்க முயன்றும் முடியாமல் போனது. ஊரில் யாரிடமும் சொல்ல முடியாததை, முகம் தெரியாதவர்களிடம் சொல்லியிருக்கிறார். நேற்று உங்கள் தளத்தில் அம்மாவின் பெயரும் முகமும் வந்தன. எங்கள் ஊர் சிறியது. பார்த்த ஒருவர் என் சித்தியிடம் சொல்லியிருக்கிறார். சித்தி ராத்திரி முழுக்க உட்கார்ந்து இருபது வருஷத்து எழுத்தையும் படித்துவிட்டார். சனிக்கிழமை அடக்கம். வரமாட்டேன் என்கிறார். அந்தப் படத்தை யார் போட்டது?

வேல்விழி படித்து முடித்தும் திரையைப் பார்த்தபடியே இருந்தாள். அலுவலகத்தில் எல்லாரும் வேலை செய்வதுபோல் இருந்தார்கள். சுஜிதா மட்டும் அவளைப் பார்த்தாள். அக்காவா இப்படிச் செய்தது என்ற பார்வை அது. அதைத்தான் அவளால் தாங்க முடியவில்லை.

பெஞ்சமின் கெட்டவர் இல்லை. அவருக்கு டென்மார்க்காரர்கள் ஒப்பந்தத்தை எடுத்துவிடுவார்களோ என்ற பயம். படத்தைத் தளத்திலிருந்து அவரே எடுத்திருந்தார், நாரையின் எழுத்தையும் மறைத்திருந்தார். "நீ ஒண்ணும் எழுதாத வேல்விழி," என்றார் மெல்லிய குரலில். "சிஸ்டம் தானா எடுத்துப் போட்டிருச்சுன்னு நான் எழுதிருதேன். மெஷின் மேல யாரும் கோவப்பட மாட்டாவ."

அவள் தலையாட்டினாள். தலையாட்டியபோது உடம்பு லேசானதுபோல் இருந்தது. தொழில்நுட்பக் கோளாறு காரணமாக என்று தொடங்கும் அந்தப் பதில் அவள் கண் முன்னால்தான் போனது.

சாயந்திரம் மகளிடமிருந்து மறுபடி வந்தது. இரண்டே வரி. ‘மெஷின் என் அம்மாவைச் சுற்றித் தாமரைப்பூ வைக்குமா? இந்தப் படம் வேறு எங்காவது இருக்கிறதா என்பதை மட்டும் சொல்லுங்கள்.’

ஜன்னலைத் திறந்தால் கீழே டீக்கடை. சாரல் விழுந்துகொண்டிருந்தது. ஃப்ளெக்ஸின் பின்பக்கம் நனைந்து, காற்றில் புடைத்துப் புடைத்து அடங்கியது. அவள் பார்ப்பதைப் பெஞ்சமினும் பார்த்தார்.

"அது ஊருக்குள்ள கெடக்கு," என்றார். "டென்மார்க்குக்கா தெரியப் போவுது? இல்லன்னு எழுதிப் போடு, முடிஞ்சிரும்."

நாளைக்கு எழுதுகிறேன் என்று சொல்லிவிட்டு அவள் சீக்கிரமே கிளம்பினாள். பஸ்ஸில் போனைத் திறந்தாள். தன் ஸ்டேட்டஸை அழிக்குமுன் பார்த்தாள். அதை யார் யார் பார்த்தார்கள் என்ற வரிசை நீண்டுகொண்டே போனது. அதில் பலர் படத்தைத் தங்கள் ஸ்டேட்டஸில் வைத்திருந்தார்கள். சின்ன மாமியார், ‘எங்க மருமகளின் கம்பெனி மேடம்’ என்று எழுதி வைத்திருந்தாள். அப்பா ஆய்க்குடி குரூப்பில் போட்டிருந்தார். கீழே கூப்பிய கைகள் வரிசை வரிசையாக நின்றன. பாண்டிராஜின் கடைப் பக்கத்தில், ‘எங்களது புதிய படைப்பு’ என்று, கடை நம்பரோடு.

வீட்டில் அவள் சொன்னதைப் பாண்டிராஜ் முதலில் புரிந்துகொள்ளவில்லை. அவளும் சரியாகச் சொல்லவில்லை. அழிங்க, எல்லாத்தையும் அழிங்க என்றே திரும்பத் திரும்பச் சொன்னாள். அவன் முகம் சுருங்கியது.

"நீ அழுதியேன்னுதாம்ட்டி போட்டேன். ஒரு ஃப்ளெக்ஸ்ல என்ன குத்தம் வந்துச்சு? அசிங்கமாவா அடிச்சிருக்கேன்?"

"அவங்க மூஞ்சியக் காட்டாம இருந்தவங்க."

"ஏன், மூஞ்சில என்ன?"

"ஒண்ணுமில்ல. காட்ட வேண்டாம்னு இருந்தாங்க. அவ்வளவுதான். நான் காட்டிட்டேன்."

சித்தியின் கதையைச் சொன்ன பிறகுதான் அவன் வாதாடுவதை நிறுத்தினான். அக்கா தங்கை சண்டையும், துட்டிக்கு வராமல் இருப்பதும் அவனுக்குப் புரிகிற விஷயம். போனை எடுத்துக் கடைப் பக்கத்திலிருந்த படத்தை அழித்தான். காலையில் போய் அவிழ்த்துவிடுகிறேன் என்றான்.

காலையில் இரண்டு பேருமாக பைக்கில் தென்காசி போனபோது அங்கே ஃப்ளெக்ஸ் இல்லை. கட்டியிருந்த கயிறு மட்டும் தொங்கியது. செல்லச்சாமி சாதாரணமாகச் சொன்னார். காற்றில் ஒரு பக்கம் அவிழ்ந்து ரோட்டில் விழுந்து கிடந்தது, குற்றாலத்தில் பழக்கடை போட்டிருக்கிற அவர் கொழுந்தியா பேராச்சி, கடைக்கூரை மேலே போட ஒன்றும் இல்லை என்று கேட்டுக்கொண்டிருந்தாள், சுருட்டிக் கொடுத்துவிட்டார். சீசன் நேரத்தில் எல்லா ஃப்ளெக்ஸும் கடைசியில் அங்கேதானே போகிறது. தலைவர்களும் மணமக்களும் வைக்கோல் படப்பு மேலும் மாட்டுத் தொழுவத்து மேலும் கிடப்பதை வேல்விழி ஆயிரம் தடவை பார்த்திருக்கிறாள். அதில் ஒரு முகத்தை அவளுக்குத் தெரிந்திருக்கும் என்று நினைத்ததில்லை.

பேராச்சிக்கு மாற்றாகக் கொடுக்க, பாண்டிராஜ் பக்கத்தில் தெரிந்த ஒரு ஃப்ளெக்ஸ் கடையிலிருந்து ஒன்றும் அடிக்காத வெள்ளை ஃப்ளெக்ஸ் ஒன்றைச் சுருட்டி எடுத்து வந்தான். ஐந்தருவி போகும் வழியெல்லாம் கார்களும் வேன்களும் நின்றன. தலையில் எண்ணெய் வைத்துக்கொண்டு, துண்டோடு ஜனங்கள் ரோட்டை அடைத்து நடந்தார்கள். வேல்விழி பின்சீட்டில் உட்கார்ந்து ஒவ்வொரு கடையின் கூரையையும் அண்ணாந்து பார்த்துக்கொண்டே வந்தாள். யாரோ ஒரு எம்.எல்.ஏ., யாரோ ஒரு குழந்தையின் முதல் பிறந்தநாள், பற்பசை விளம்பரம்.

பேராச்சியின் கடைக்கூரை வெளியே பார்க்க வெறும் வெள்ளையாகத்தான் இருந்தது. ரம்புட்டானும் மங்குஸ்தானும் குவித்த பலகைக்குப் பின்னால் குனிந்து உள்ளே பார்த்தபோதுதான் தெரிந்தது. படம் உள்பக்கமாக இருந்தது. நாரை மேலேயிருந்து பழங்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள். மஞ்சள் பல்பு வெளிச்சம் முகத்தில் விழுந்தது.

பேராச்சி ஐம்பதைத் தாண்டிய, வாய் நிறைய வெற்றிலை போட்ட மனுஷி. யார் என்று தெரிந்ததும், கீழே இருந்த கைகூப்பிய படத்தையும் வேல்விழியையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"நீதானா அது? படத்துல தடியா இருக்க." பிறகு கூரையைக் காட்டிச் சொன்னாள். "செத்தவ மூஞ்சி மேல மழ பெஞ்சா நல்லாவா இருக்கும்? அதான் உள்ள பாக்க வச்சுக் கட்டினேன். வாங்க வாறவனெல்லாம் யாருன்னு கேக்கான். எங்க பெரியம்மைன்னு சொல்லுதேன். நம்புதான்."

கடைக்கு முன்னால் நின்ற இரண்டு பையன்கள் சிரித்தார்கள். அவர்களில் ஒருவன், பெரியம்மைக்குக் கீழே நின்று, பழத்தை வாயில் வைத்துக்கொண்டு செல்ஃபி எடுத்தான். அதை வேண்டாம் என்று சொல்ல வேல்விழி வாயெடுத்தாள். எந்த முகத்தோடு சொல்வது? முகப்பில் ஏற்றியவள் அவள். அவன் பாட்டுக்குப் போய்விட்டான்.

பாண்டிராஜ் பலகை மேல் ஏறி அவிழ்த்தான். வெள்ளை ஃப்ளெக்ஸைக் கட்டிக் கொடுத்தான். அதில் ஒரு முருகன் படமாவது அடிச்சுக் குடுத்திருக்கப்படாதா என்று பேராச்சி குறைப்பட்டாள். எடுத்துப் போகிற படத்தை என்ன செய்யப் போகிறாய் என்று கேட்டாள். வேல்விழிக்குத் தெரியவில்லை. படம் உள்ளே இருக்கும்படி சுருட்டி, ஈரத்தோடு மடியில் வைத்துக்கொண்டு பைக்கில் ஏறினாள்.

அன்று மத்தியானம் அலுவலகத்தில் உட்கார்ந்து அவள் எழுதினாள். பெஞ்சமின் பின்னால் வந்து நின்றார். வேண்டாம், உன் வேலைக்கு நான் பொறுப்பில்லை என்றார். அவள் திரும்பிப் பார்க்காமல் எழுதினாள்.

மெஷின் இல்லை, நான்தான். எங்கள் ஊரில் இறந்தவர்களுக்கு இப்படித்தான் செய்வோம். உங்களிடம் கேட்க வேண்டும் என்பது எனக்குத் தெரியும்; மற்றவர்களுக்கு அதைச் சொல்லிக் கொடுக்கிறவளும் நான்தான். ஆனாலும் கேட்கவில்லை. நேற்று மெஷின் என்று எழுதியபோதும் நான் பக்கத்தில்தான் இருந்தேன். படம் வேறு எங்கே இருக்கிறது என்று கேட்டீர்கள். ஒரு தெருவில் பெரிதாக ஒரு பகல் முழுக்கத் தொங்கியது. பிறகு ஒரு பழக்கடையின் கூரையாக இருந்தது. அதைத் திரும்ப வாங்கிவிட்டேன். பலருடைய போனில் இருக்கிறது. என் வீட்டாரிடமும் தெரிந்தவர்களிடமும் அழிக்கச் சொல்லிவிட்டேன். தெரியாதவர்களிடம் என்னால் சொல்ல முடியாது. எத்தனை பேரிடம் போயிருக்கிறது என்று எனக்குத் தெரியாது.

சாரலைப் பற்றி எழுதியவள் நான்தான் என்று கடைசியில் ஒரு வரி சேர்த்தாள். பிறகு, அது சலுகை கேட்பதுபோல் இருந்ததால் அழித்துவிட்டாள்.

சனிக்கிழமை அவளுக்கு விடுமுறை. சமைத்தாள், துணி துவைத்தாள். மத்தியானம் தாண்டியபோது, இப்போது அங்கே அடக்கம் நடக்கும் என்று பாண்டிராஜிடம் சொன்னாள். அவன் டிவியை அணைத்துவிட்டு, அவள் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான்.

திங்கட்கிழமை பதில் வந்திருந்தது. ‘அடக்கம் முடிந்தது. என் சித்தி வரவில்லை. உண்மையைச் சொன்னதற்கு நன்றி. உங்களை வேலையிலிருந்து எடுக்க வேண்டும் என்று நான் கேட்கப் போவதில்லை. ஒன்று மட்டும் கேட்கிறேன். அந்தப் படத்தை இனி எங்கே பார்த்தாலும் எனக்கு எழுதுங்கள். எங்கே இருக்கிறது என்று எனக்குத் தெரிந்திருக்க வேண்டும்.’ எழுதுகிறேன் என்று வேல்விழி ஒப்புக்கொண்டாள். நிறுவனம் அவளைத் தளத்தின் முகப்பைத் தொடாத வேலைக்கு மாற்றியது. இப்போது புதிதாக வருகிறவர்களுக்கு சுஜிதா பாடம் எடுக்கிறாள். அக்கா இருக்கிற பக்கம் திரும்பாமல் எடுக்கிறாள்.

ஃப்ளெக்ஸ் அவள் வீட்டுப் பரணில் இருக்கிறது. எரித்தால் முகம் சுருங்கிக் கருகும். அதைப் பார்க்க அவளுக்குத் தைரியம் இல்லை. குப்பையில் போட்டால் யாராவது எடுத்து எதையாவது மூடுவார்கள். பொங்கலுக்கு வெள்ளையடிக்கப் பரணை ஒழித்தபோது மாமியார் அதைப் பிரிக்கப் போனாள். வேல்விழி ஓடிப்போய் வாங்கி, மறுபடி வைத்தாள்.

தையில் ஒரு காலை, ஆய்க்குடி குரூப்பில் முருகன் படங்களுக்கு நடுவே நாரை வந்தாள். நீல வானமும் ரோஜா மாலையும் அப்படியே இருந்தன. பெயர் வெட்டப்பட்டிருந்தது. கைகூப்பிய வேல்விழியும் வெட்டப்பட்டிருந்தாள். அந்த இடத்தில் யாரோ எழுதியிருந்தார்கள்: ‘கடல் கடந்து வாழ்ந்தாலும் தமிழைத் தாயாக நேசித்த டென்மார்க் அம்மா மறைந்தார். நீ தமிழன் என்றால் பகிராமல் போகாதே.’ பல பேர் கை மாறி வந்தது என்று மேலே இரட்டை அம்புக்குறி காட்டியது. போட்டவர் தூரத்து உறவில் ஒரு மாமா. கீழே கூப்பிய கைகள் வரத் தொடங்கியிருந்தன. வேல்விழியின் அம்மாவும் ஒன்று போட்டிருந்தாள்.

‘மாமா, இது பொய். தயவுசெய்து அழிச்சிருங்க,’ என்று வேல்விழி எழுதினாள்.

கொஞ்ச நேரம் கழித்து மாமா பதில் போட்டார். அதுவும் கூப்பிய கைதான்.

அப்பாவுக்குப் போன் செய்து சொன்னாள். மாமாவுக்கும் செய்தாள். நல்ல விஷயம்தானம்மா, தமிழுக்குப் பெருமைதான என்று அவர் வாதாடிவிட்டு, சரி சரி என்றார். அழித்தாரா என்று அவள் போய்ப் பார்க்க முடியாது. அவருக்கு அனுப்பியது யார் என்று கேட்டாள். சங்கரன்கோயில் பக்கம் ஏதோ ஒரு குரூப், ஞாபகமில்லை என்றார்.

அலுவலகம் போனதும் மகளின் பழைய கடிதத்தைத் திறந்தாள். வேல்விழி ஏற்கனவே இரண்டு முறை மகளுக்கு எழுதியிருக்கிறாள். ஒருமுறை பாளையங்கோட்டையில் யாரோ ஒருவரின் ஸ்டேட்டஸில் பார்த்தபோது. இன்னொரு முறை வேறொரு ஃப்ளெக்ஸ் கடை மாதிரிப் படமாக வைத்திருந்தபோது. இரண்டு முறையும் மகள் ‘குறித்துக்கொண்டேன்’ என்று மட்டும் பதில் எழுதினாள். இந்த முறை படத்தோடு இருந்த வாசகத்தையும் மொழிபெயர்க்க வேண்டும். உங்கள் அம்மாவைத் தமிழ் தெரிந்தவர் என்று சொல்லியிருக்கிறார்கள் என்று எழுத வேண்டும். தமிழில் ஒரு எழுத்துகூடத் தெரியாத ஒருத்தியை.

கீழே செல்லச்சாமியின் கடைக்கு மேல் புது ஃப்ளெக்ஸ் கட்டிக்கொண்டிருந்தார்கள். யாருடையது என்று வேல்விழி எட்டிப் பார்க்கவில்லை. நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, ‘இன்று காலை மறுபடியும் பார்த்தேன்’ என்று எழுதத் தொடங்கினாள்.